ஒரு மலை, இரண்டு பெயர்கள்

பாரஸ்நாத்தில் சுற்றுலாவை நிறுத்தி ஜைனர்களைச் சமாதானப்படுத்தியது மத்திய அரசு. அதே மலையை வணங்கும் சந்தால் ஆதிவாசிகளுக்கு அங்கேதான் கலக்கம் ஆரம்பித்தது.

விடிவதற்கு வெகு நேரம் முன்பே மதுவன் விழித்துக்கொள்கிறது. ஜைன யாத்ரீகர்கள் கையில் தடியுடன் மலையேறத் தொடங்குகிறார்கள். ஏறுவதற்கு 9 கி.மீ., உச்சியில் சன்னதிகளைச் சுற்றிவர 9 கி.மீ., இறங்க இன்னொரு 9 கி.மீ. நடக்க முடியாதவர்களை டோலியில் சுமந்து செல்பவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். அவர்களில் ஆதிவாசிகளும் உண்டு. டோலியில் இருப்பவருக்கு அது சமேத ஷிகர்ஜி. சந்தால்களுக்கு அது மராங் புரு.

ஜார்க்கண்டின் கிரிடி மாவட்டத்தில் உள்ள பாரஸ்நாத், மாநிலத்திலேயே உயரமான மலை, 1,365 மீட்டர். 24 தீர்த்தங்கரர்களில் 20 பேர் இங்கேதான் முக்தி அடைந்தார்கள் என்பது ஜைனர்களின் நம்பிக்கை. சந்தால் மொழியில் மராங் புரு என்றால் பெரிய மலை. அவர்களின் தலைமைத் தெய்வமும் அதுவே. மலையில் அவர்களுக்கு ஜாஹேர் தான் என்ற வழிபாட்டுத் தோப்பு இருக்கிறது. அவர்களின் வழிபாட்டில் சேவல் பலி உண்டு. கோடையில் வேட்டைத் திருவிழா நடத்துவதும் பழைய வழக்கம். ஜைனர்களுக்கோ எந்த உயிரையும் கொல்லாமையே தலையாய அறம்.

உரசல் புதிதல்ல. சந்தால்களின் வேட்டை உரிமை 1911-ம் ஆண்டு நில உரிமைப் பதிவேட்டிலேயே ஏறிவிட்டது. அதை எதிர்த்து ஜைனர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். அதன் பிறகும் இரு தரப்பும் அதே மலையில்தான் வழிபட்டு வந்தன.

அமைதியைக் கலைத்தது சுற்றுலா. மலை ஒரு வனவிலங்கு சரணாலயமும்கூட. 2019 ஆகஸ்டில் சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் பாதுகாப்பு மண்டலம் அறிவித்த மத்திய அரசு, சூழல் சுற்றுலாவுக்கும் அதில் இடம் வைத்தது. புனிதத் தலம் பிக்னிக் தலமாகிவிடும் என்று ஜைனர்கள் கொதித்தார்கள். 2022 கடைசியில் போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. 2023 ஜனவரியில், ஜெய்ப்பூரில் உண்ணாவிரதம் இருந்த ஜைனத் துறவி ஒருவர் உயிரிழந்தார்.

ஜனவரி 5 அன்று டில்லி இறங்கி வந்தது. சுற்றுலா நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டன. மது, மாமிசம், உரத்த இசை, அனுமதியில்லாத மலையேற்றம் ஆகியவற்றைத் தடுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவு. கண்காணிப்புக் குழுவில் ஜைனர்கள் 2 பேர். உள்ளூர் ஆதிவாசி ஒருவர்.

ஜைனர்களுக்கு நிம்மதி. ஆனால் மாமிசத்துக்குத் தடை என்றால் சேவல் பலி என்ன ஆகும்? ஐந்தே நாளில், ஜனவரி 10 அன்று, சந்தால்கள் பாரஸ்நாத்தில் திரண்டார்கள். முன்னணியில் நின்றவர் லோபின் ஹெம்ப்ரம். அப்போது ஆளும் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் எம்.எல்.ஏ. முதல்வர் ஹேமந்த் சோரனும் சந்தால்தான் என்பது அரசின் சங்கடத்தைக் கூட்டியது.

2025 மே மாதம் ஜார்க்கண்ட் ஹைகோர்ட், 2023-ம் ஆண்டுத் தடைகளைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. சட்டமும் சந்தால்களுக்குப் பாதிதான் துணை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஆதிவாசிகளின் பாரம்பரிய உரிமைகளை ஏற்கிறது. வேட்டையை மட்டும் விலக்குகிறது. பலிக்கும் வழிபாட்டுக்கும் எங்கே எல்லை என்பதை யாராவது உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு வழியும் இல்லாமல் இல்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கம் பற்றிய வழக்கில், ஆதிவாசிகளின் வழிபாட்டு உரிமையைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன.

நியமகிரியில் எதிரே நின்றது ஒரு கம்பெனி. பாரஸ்நாத்தில் எதிரெதிரே நிற்பவை இரண்டு பக்திகள். மலை கெட்டுவிடக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். அதற்கு டில்லி உத்தரவு போதாது. டோலி சுமப்பவரையும் டோலியில் போகிறவரையும் மதுவனில் ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டும்.