திருமலைப் பாதை: இறங்குவதற்கு ஏன் 40 நிமிடம்?

சென்னையின் பாடியில் தொடங்கும் சி.டி.எச். சாலை (சென்னை–திருத்தணி நெடுஞ்சாலை) அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர் செல்கிறது. அங்கிருந்து கனகம்மாசத்திரம், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என நீண்டு திருப்பதி அடிவாரத்தைத் தொடுகிறது. தேசிய நெடுஞ்சாலை 205 என்று பல காலம் வழங்கிய இதன் இப்போதைய எண் 716. பூந்தமல்லியில் இருந்து கிளம்புவோர் திருமழிசை, வெள்ளவேடு, மணவாள நகர் வழியே வந்து திருவள்ளூரில் இதோடு சேர்கிறார்கள். புரட்டாசியில் சென்னை சென்னகேசவப் பெருமாள் கோயிலில் இருந்து புறப்படும் திருப்பதிக் குடைகளும் வில்லிவாக்கம், திருமுல்லைவாயல், திருவள்ளூர் என்று ஏறத்தாழ இந்தத் தடத்திலேயே போகின்றன.

2025 ஆகஸ்ட் 15 அன்று இந்த வழிப் பயணிகளைத் தொடும் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஒன்று, மலையேறும் வாகனங்களுக்கு அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம் என்ற திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் உத்தரவு. மற்றொன்று, அறிமுகத்தின்போது 3,000 ரூபாய்க்கு 200 முறை சுங்கச்சாவடி கடக்க உதவிய மத்திய அரசின் ஆண்டு பாஸ். இரண்டும் ஒரே தேதியில் வந்ததால்தான் ஆண்டு பாஸ் அலிபிரியிலும் செல்லுமா என்ற குழப்பம். ஆண்டு பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டுமே பொருந்தும்; இந்த வழியில் உள்ள பட்டரைபெரும்புதூர்ச் சாவடியில் செல்லும், அலிபிரியில் செல்லாது. அங்கே வசூலிப்பது தேவஸ்தானத்தின் தனிக் கட்டணம்.

ஃபாஸ்டேக் வந்தால் அலிபிரியில் வரிசை குறையும் என்பது அதிகாரிகள் தரப்பு. கட்டணம் செலுத்தும் நேரம் குறையும் என்பது உண்மை. ஆனால் அங்கே வண்டிகள் தேங்குவதற்குக் கட்டணம் மட்டுமே காரணம் அல்ல. பயணிகள் இறங்க வேண்டும், பைகள் ஸ்கேனரில் போக வேண்டும், டிக்கி திறக்கப்பட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் அந்த வேலையைச் சுருக்காது.

அலிபிரிக்கு மேலே இரண்டு மலைப்பாதைகள். முதலாவது, பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா வகுத்த திட்டப்படி அமைந்து 1944-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தது. அன்று பாடியில் இருந்து மலை உச்சி வரை முழுச் சாலையும் ஒரே மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருப்பதியும் திருத்தணியும் அங்கே போயின. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்கும் நடுவர் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி திரும்பி வந்தது. இரண்டாவது பாதை 1974-இல் வந்தது. அதன்பின் புதிய பாதை ஏறுவதற்கு, பழைய பாதை இறங்குவதற்கு என ஒருவழியாயின.

இந்தப் பாதைகளில் வேகத்தை அடக்கும் முறை எளிமையானது. புறப்படும் சாவடியில் நேரம் குறித்த சீட்டு தருவார்கள். சேரும் சாவடியில் அதைப் பார்ப்பார்கள். ஏற 28 நிமிடமாவது ஆக வேண்டும், இறங்க 40 நிமிடமாவது ஆக வேண்டும். அதற்கு முன்பே வந்து சேர்ந்தால் அபராதம். பாதை சுமார் 18 கி.மீ. என்பதால், ஏறும்போது சராசரி வேகம் மணிக்கு 39 கி.மீ. அளவையும், இறங்கும்போது 27 கி.மீ. அளவையும் தாண்டக் கூடாது என்று பொருள்.

இறக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுத்ததில் நல்ல கணக்கு இருக்கிறது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 லிட்டருக்கு மேலான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினும் காற்றும் தாங்காத பங்கு முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். தொடர்ந்து மிதித்தபடியே வந்தால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டாம் கியரில் நிதானமாக இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மோகாலி மேட்டருகே நடைபாதைப் பக்தர்கள் இறங்கும் சாலையை ஒட்டியே நடக்கிறார்கள் என்பதும் நிதானத்துக்கு இன்னொரு காரணம்.

ஆனால் சீட்டு பார்ப்பது சராசரியை மட்டுமே. இறங்கும்போது முதல் 15 கி.மீ. தூரத்தை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கடப்பவருக்கு 18 நிமிடம்தான் ஆகும். மீதி 3 கி.மீ. தூரத்துக்கு 22 நிமிடம் கையில் இருக்கும். அவர் சாவடிக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டி நின்றுவிட்டு, 40 நிமிடம் முடிந்ததும் வந்தால் சீட்டில் குற்றம் இல்லை. கொண்டை ஊசி வளைவில் அவர் செய்த தவறு எங்கும் பதிவாகாது. ஓரத்தில் நிறுத்திய வண்டியோ பின்னால் வருபவருக்குப் புதிய ஆபத்து. நேர விதியைக் கைவிடத் தேவையில்லை. பாதையின் நடுவிலும் ஓரிரு இடங்களில் நேரம் பதிவானால் இந்தத் தந்திரம் எடுபடாது. ஃபாஸ்டேக்கைக் கட்டாயமாக்கியவர்கள், பணம் எடுப்பதோடு நிறுத்தாமல் அதே ஸ்டிக்கரை இதற்கும் பயன்படுத்தினால் உயிர்கள் மிஞ்சும்.

பிற கேள்விகள்:

ஃபாஸ்டேக் இல்லாமல் போய்விட்டால்? அலிபிரியிலேயே ஒட்டித் தர வசதி உண்டு, நேரம்தான் போகும்.

இரவில் ஏறலாமா? வழக்கமான நாட்களில் நள்ளிரவு முதல் அதிகாலை 3 மணி வரை பாதை மூடியிருக்கும்.

பைக்கில் போகலாமா? போகலாம், ஆனால் சிறுத்தை நடமாட்டத்தைப் பொறுத்து அனுமதி நேரம் மாறும்.

மழைக்காலத்தில்? 2021 டிசம்பரில் பாறைகள் சரிந்து இரண்டாம் பாதை சேதமடைந்து மூடப்பட்டது; கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

திருத்தணி வழியைத் தவிர்க்க? பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகப் புத்தூரில் சேரலாம்.

பாடி–திருநின்றவூர் சாலை எப்போது அகலமாகும்? பத்தாண்டுக்கும் மேலாக அறிவிப்புகள் வருகின்றன. அம்பத்தூர் நெரிசலுக்கு இன்றும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்புவதே பாதுகாப்பு.