வேலூரில் ஒரு முதல் கச்சேரி: பக்கத்தில் இருந்த வயலின் நடுவுக்கு வந்த கதை

வேலூர்னா கோட்டை, சிஎம்சி. ஆம்பூர்னா பிரியாணி, ஷூ கம்பெனி. யாரைக் கேட்டாலும் இதுதான் முதலில் வரும். ஆனால் கர்நாடக இசை தெரிந்தவர்களிடம் கேட்டால் வேறொரு கணக்கு சொல்வார்கள். வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடு தன் முதல் தனிக் கச்சேரியை வாசித்தது வேலூரில்தான். வருஷம் 1938.

‘வயலின் வித்வான் வயலின் வாசிச்சாரு, இதுல என்ன நியூஸ்?’ன்னு தோணும். அன்றைக்கு அது நியூஸ்தான். ஏன்னு புரிய, கச்சேரி மேடையில் வயலினுக்கு என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடலாம்.

பக்கவாத்தியம்: அப்படி என்ன கஷ்டம்?

வயலின் நம்ம ஊர் வாத்தியம் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசிப்பதை, சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பதாக மாற்றிக்கொண்டோம். தந்திகளின் சுருதியையும் ச-ப-ச-ப என்று நம் வசதிக்கு மாற்றியாச்சு. வீணை மாதிரி மெட்டு இல்லாததால் விரலை வழுக்கி, அசைத்து, குரலில் வரும் கமகத்தை அப்படியே கொண்டுவர முடிந்தது. பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை.

அந்தப் பொருத்தமே பிரச்சினையும் ஆனது. பாடகர் ராகம் பாடும்போது வயலின் ஒரு நொடி பின்னால் நிழல் மாதிரி போக வேண்டும். அவர் நிறுத்தினால் தன் பங்குக்குச் சுருக்கமாக வாசிக்கலாம். ஸ்வரம் போட்டால் அந்த இடத்திலேயே பதில் தர வேண்டும். பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன பாட்டு என்பது பல சமயம் மேடையில்தான் தெரியும். ஸ்லைடே பார்க்காமல் மேனேஜரோட ப்ரெசன்டேஷனுக்குப் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி. நல்லா போனா கைத்தட்டல் அவருக்கு. போஸ்டரிலும் அவர் பெயர்தான் பெரிசு.

ஃபிடில் நாயுடு

துவாரம் பிறந்தது 1893-ல், பெங்களூருவில். வளர்ந்தது விசாகப்பட்டினத்தில். பார்வைக் குறைபாட்டால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அப்பா ராணுவத்தில் இருந்தவர், வயலினும் வாசிப்பார். அண்ணன்தான் முதல் குரு. விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் மாணவராகச் சேரப் போனவரின் வாசிப்பைக் கேட்டு, ஆசிரியராகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்தப் பக்கம் பிரபலமான கதை. 1919-ல், 26 வயதில் அங்கே வயலின் பேராசிரியர். 1936-ல் முதல்வர்.

இந்த இடத்தை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். மாதச் சம்பளம் வரும் வேலை கையில் இருந்தது. பாடகர்கள் கூப்பிட்டால்தான் பிழைப்பு என்ற நிலை இல்லாத ஒருவரால்தான், பாடகரே இல்லாத மேடையில் உட்கார்ந்து பார்க்க முடியும். இது என் கணிப்பு. ஆனால் பின்னால் வந்தவர்களும் இதே மாதிரி இன்னொரு கால் ஊன்றியிருக்கிறார்கள். டி.என். கிருஷ்ணன் டெல்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். வானொலி வேலை, சினிமா ரெக்கார்டிங், இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ். கச்சேரியை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டுகிற வயலின் கலைஞர்கள் குறைவு.

தனிக் கச்சேரியில் இன்னொரு சவால், சாகித்யம். கீர்த்தனையின் வார்த்தை வயலினுக்கு வராது. வார்த்தை எங்கே பிரிகிறதோ அங்கே வில்லைத் திருப்பி, கேட்பவர் மனசில் பாட்டு ஓடும்படி செய்ய வேண்டும். எல்லாம் அந்த வில்லைப் பிடிக்கிற கையில்தான் இருக்கு. (ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: வில்லில் கட்டைவிரல் படும் இடத்தில் சுற்றியிருப்பது ஒரு சின்னத் தோல் துண்டு.)

1941-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது துவாரத்துக்குக் கிடைத்தது.  1957-ல் பத்மஸ்ரீ. 1964-ல் மறைந்தார்.

அப்புறம்?

கதவு திறந்தது, ஆனால் முழுசா இல்லை. லால்குடி ஜெயராமன் 12 வயதில் பக்கவாத்தியமாக ஆரம்பித்து, அரியக்குடி, செம்பை, ஜி.என்.பி. எனப் பெரியவர்கள் எல்லோருக்கும் வாசித்தவர். பிறகு தனிக் கச்சேரி, என். ரமணியின் புல்லாங்குழல், ஆர். வெங்கட்ராமனின் வீணையோடு கூட்டணி, தில்லானாக்கள் என்று தனக்கென ஒரு பாணியையே உருவாக்கினார். ‘சிருங்காரம்’ படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருதும் வாங்கினார்.

பெண்களுக்கு வழி இன்னும் நீளம். பெண் வயலின் கலைஞரைப் பக்கத்தில் உட்கார வைக்க ஆண் பாடகர்கள் பலர் தயங்கிய காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. எம்.எல். வசந்தகுமாரிக்குப் பல வருடங்கள் வாசித்து, பின்னர் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனோடு சேர்ந்தும் கலக்கியவர் ஏ. கன்யாகுமாரி. சங்கீத கலாநிதி பெற்ற முதல் பெண் வயலின் கலைஞர் இவர்தான். ஆண்டு 2016. துவாரம் வாங்கி 75 வருஷம் கழித்து.

கன்யாகுமாரிக்குச் சொந்த ஊர்? துவாரம் பாடம் எடுத்த அதே விஜயநகரம்.