இரத்தக் குழாயை டெஸ்டோஸ்டிரோன் எப்படித் தளர்த்துகிறது?

ஆண்களில் பெரும்பாலும் விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், ஆண்மைக்குரிய இயக்குநீர் என்றே பரவலாக அறியப்பட்டாலும், தமனிச் சுவரின்மீதும் அது நேரடியாகச் செயல்படுகிறது. தமனியின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றைச் செல் அடுக்கான எண்டோதீலியத்தை அது தூண்ட, அங்கிருந்து வெளிப்படும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு, அடுத்துள்ள மென்தசையைத் தளரச் செய்கிறது. ஆய்வகத்தில் அவ்வடுக்கை அகற்றிய பின்னரும் குழாய் விரிவதால், மென்தசைச் செல்களிலும் டெஸ்டோஸ்டிரோன் நேரடியாக வேலை செய்வது தெளிவாகிறது. பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் திறப்பதும், சுருக்கத்துக்குத் தேவையான கால்சியம் நுழையும் வாயில்கள் அடைபடுவதும் சில நிமிடங்களிலேயே நிகழ்ந்துவிடுகின்றன. மரபணுக்களின் வழியே மெல்லச் செயல்படுவதாகக் கருதப்பட்ட ஓர் இயக்குநீருக்கு இவ்வேகம் உண்மையிலேயே வியப்புக்குரியது.

எனினும், எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியை இதே இயக்குநீர் மிகுவிப்பதால் இரத்தம் தடிப்பதும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுடன் இதயநோயோ அதற்கான அபாயமோ கொண்ட சுமார் 5,200 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய-இரத்தநாள நோயால் மரணம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தோர், டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களில் 7.0 சதவீதமும் மருந்தற்ற ஜெல் பூசியவர்களில் 7.3 சதவீதமுமாக ஏறத்தாழச் சமமாகவே இருந்தனர். ஆனால், இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பதும், நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைப்பதும் முதற்குழுவில் கூடுதலாகக் காணப்பட்டன.