பாசிமணியில் ஒரு பெருமோதிரம்

பொன் விலை ஏற ஏற நம் இல்லங்களில் கவலையும் ஏறுகின்றது. மகளுக்குத் திருமணம் என்றதும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை சவரன்?" என்பதே. அடகுக்குச் சென்ற நகை மீளாமற்போவதையும், கடன் மட்டும் வீட்டில் தங்கிவிடுவதையும் நாம் அறிவோம். அணிகலன் அழகுக்காகவா, அந்தஸ்துக்காகவா? இதனை எண்ணிப் பார்க்க ஒரு மோதிரத்தைத் துணைக்கு அழைப்போம்.

பெரிய முகப்புடைய மோதிரத்தை மேல்நாட்டார் "காக்டெயில் மோதிரம்" என்பர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியபோது, மறைவாக நடந்த மது விருந்துகளுக்குச் சென்ற சீமாட்டிகள் பிறர் கண்ணைப் பறிக்க அணிந்ததால் அது அப்பெயர் பெற்றது என்பர்.

நம் பகுதியின் வரலாறோ வேறு. ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் இராஜாஜி. சென்னை மாகாண அரசுக்குத் தலைமை ஏற்றிருந்த அவர், 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். ஒசூர் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1925இலேயே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, கைந்நூற்பை வளர்த்தவரும் அவரே. விருந்தின் மதுவை நீக்கி, மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் நம் கையாலேயே செய்வது அவர் பிறந்த மண்ணுக்கு ஏற்ற செயலன்றோ?

வேண்டுவன சிலவே: 6 மில்லிமீட்டர் அளவுள்ள பட்டை தீட்டிய கண்ணாடி மணி ஒன்று, 2 மில்லிமீட்டர் பாசிமணிகள், மெல்லிய நைலான் நரம்பு ஒரு மீட்டர்.

பெரிய மணியை நரம்பின் நடுவே கோத்திடுக. ஒரு முனையில் 7 பாசிமணிகளைக் கோத்து, பெரிய மணியின் பக்கத்தைச் சுற்றிக் கொணர்ந்து, அதன் துளை வழியே மீண்டும் செலுத்துக. மறுபக்கத்துக்கும் அவ்வாறே செய்க. பின்னர், சுற்றியுள்ள பாசிமணிகள் அனைத்தினூடும் அதே முனையை ஒருமுறை ஓட்டி, பெரிய மணியின் துளைகளுக்கு நேரே பக்கத்துக்கு ஒன்றாக இரு பாசிமணிகளைச் சேர்த்து இறுக்குக. முகப்பு உருவாகிவிடும்.

அடுத்து வளையம். இரு முனைகளையும் ஒரே பக்கத்து ஓரமணிக்குக் கொணர்ந்து, எதிரெதிர்த் திசையில் அதனூடே செலுத்துக. இனி முனைக்கு ஒரு மணி. பின்பு இரு முனைகளும் எதிரெதிராகப் புகும் பொதுமணி ஒன்று. விரலைச் சுற்றி வரும் வரை இதனையே தொடர்ந்து செய்து, இறுதியில் முகப்பின் மறுபக்க ஓரமணியில் இரு முனைகளையும் சேர்த்து முடியிடுக. நைலான் முடிச்சு வழுக்கும் இயல்புடையது. எனவே எஞ்சிய நரம்பை அருகிலுள்ள மணிகளுக்குள் சிறிது தூரம் ஓட்டிய பின்னரே வெட்டுக. பாசிமணிகள் கைக்குழந்தைகளுக்கு எட்டாதிருக்கட்டும்; வாயிலிட்டால் ஆபத்து.

பாசிமணிதானே என்று எளிதாய் எண்ண வேண்டா. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்த நிலத்தில், பண்டைத் தமிழர் கண்ணாடி மணி செய்த தடயங்கள் உள்ளன. அத்தகைய மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியாவிலும் கிடைத்துள்ளன. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டாக்கும் அத்தொழில்முறை, ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை வழிவழியாக வந்துள்ளது.

இன்று ஒசூரில் தனிஷ்க் நகை ஆலை இருக்கின்றது. அங்கு உழைக்கும் கைகளை நாம் மதிக்கின்றோம். பொன் வாங்குவது தவறென்றும் கூறோம். கடன்பட்டு வாங்குவதே குடும்பத்தை வாட்டுகின்றது. முதல் மோதிரம் கோணலாகலாம். மூன்றாவது நிச்சயம் நேராகும். ஞாயிறு மாலையில் தாயும் மகளும் சேர்ந்தமர்ந்து செய்து பாருங்கள். அடுத்த விருந்தில், "எங்கே வாங்கினாய்?" என்று கேட்போரிடம், "நானே செய்தேன்" என்று அந்த மகள் தலைநிமிர்ந்து கூறட்டும்.