உலாவியின் நினைவு

நுழையும்முன்

பழகிய வீட்டில் இருட்டிலும் தடுமாறாமல் நடந்துவிடலாம். வாசற்படி உயரமாக இருப்பது புதிதாக வருபவரின் காலுக்கே தெரியும். மென்பொருள் உருவாக்குவோரின் நிலையும் இதுதான். தாம் உருவாக்கிய இணையத்தளத்தைப் புதியவரின் கண்கொண்டு காண அவர்களுக்குத் துணைநிற்பது, உலாவியில் உள்ள ‘சுயவிவரம்’ என்னும் வசதி.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்கான தளமொன்றை ஒரு குழுவினர் உருவாக்குவதாகக் கொள்வோம். அவர்களுடைய கணினியில் அது நன்றாக இயங்குகிறது. முதன்முறை நுழையும் மாணவருக்கோ விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. அன்றே கடைசி நாள். பிழை தளத்தில்தான் இருக்கிறது. உருவாக்கியவரின் உலாவி அதனை அவர் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டது. அஃது எவ்வாறு?

நினைவில் இருப்பவை

உலாவிக்கும் தளத்திற்கும் இடையே தகவலைக் கொண்டுசெல்லும் எச்டிடிபி நெறிமுறை, ஒவ்வொரு வேண்டுகோளையும் புதியதாகவே கருதும். இக்குறையைப் போக்க 1994ஆம் ஆண்டு, நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மான்டுல்லி ‘குக்கீ’ என்னும் சிறு தரவுக் குறிப்பை உருவாக்கினார். நாம் முன்னரே உள்நுழைந்தவர் என்பதைத் தளம் பெரும்பாலும் இதனைக் கொண்டே அறிகிறது. இதனுடன் முன்பு பார்த்த பக்கங்களின் கோப்புகள், கடவுச்சொற்கள், நீட்சிகள், அமைப்புகள் ஆகியவற்றையும் உலாவி சேமித்து வைக்கிறது. இவை அனைத்தின் தொகுப்பே சுயவிவரம்.

இந்நினைவே சோதனைக்குத் தடையாகவும் அமைகிறது. பழைய குக்கீ இருப்பதால், உருவாக்குபவர் உள்நுழைவுப் பக்கத்தைக் காண்பதே இல்லை. வழங்கியிலிருந்து ஒரு படம் நீங்கிவிட்டாலும், சேமிப்பிலுள்ள பழைய படம் அவருக்குத் தோன்றும். விளம்பரத் தடுப்பு நீட்சி, பக்கத்தின் ஒரு பகுதியையே அகற்றிவிடக்கூடும்.

தனித்தனிச் சுயவிவரங்கள்

எனவே சொந்தப் பயன்பாட்டிற்கு ஒன்று, நிரல் எழுதும் பணிக்கு ஒன்று, சோதனைக்கு நீட்சிகளற்ற ஒன்று எனச் சுயவிவரங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளில் இவ்வசதி உண்டு. ஒரு சுயவிவரத்தில் ஆசிரியராகவும் மற்றொன்றில் மாணவராகவும் ஒரே நேரத்தில் உள்நுழைந்து, ஒருவர் அனுப்பியது மற்றவரை அடைகிறதா என்றும் பார்க்கலாம்.

மறைநிலைச் சாளரம் போதாதா என்னும் ஐயம் எழலாம். அதனை மூடியதும் அதிலிருந்த குக்கீகள் அழிந்துவிடும். முதல் வருகையைச் சோதிக்க அது போதும். நேற்று வந்த பயனர் இன்று மீண்டும் வரும்போது நிகழ்வதைச் சோதிக்கத் தனிச் சுயவிவரமே ஏற்றது.

தெரியுமா?

உலாவியைத் தானே இயக்கிச் சோதிக்கும் ‘செலினியம்’ என்னும் மென்பொருள், பொதுவாக ஒவ்வொரு உலாவி அமர்வையும் புதியதொரு தற்காலிகச் சுயவிவரத்துடன் தொடங்குகிறது.

பாதுகாப்பும் எல்லையும்

சோதனைக்காகச் சில பாதுகாப்பு அமைப்புகளைத் தளர்த்த நேரிடும். அத்தகைய சுயவிவரத்தில் வங்கிப் பணிகளைச் செய்தல் கூடாது. சுயவிவரம் பூட்டும் அன்று; ஒரே கணினிக் கணக்கைப் பயன்படுத்தும் பிறரும் அதனைத் திறக்க இயலும். இணைய முகவரியையும் அது மாற்றுவதில்லை.

தாம் அறிந்ததைச் சற்றே ஒதுக்கிவைத்து, அறியாதவரின் இடத்தில் நின்று பார்ப்பதே சோதனையின் அடிப்படை. கடைசி நாளில் விண்ணப்பிக்க வரும் அந்த மாணவருக்கு உருவாக்கியவர் செய்யக்கூடிய உதவியும் அதுவே.