வணிகத் தொழில்நுட்ப நிறுவனங்களின் பிராண்டு செய்தி

ஒரு நிறுவனம் யாருக்காக இயங்குகிறது, அவர்களின் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, அதை ஏன் நம்பலாம் என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லும் கருத்தே பிராண்டு செய்தி ஆகும். இணையதளம், விளம்பரம், விற்பனையாளரின் பேச்சு, வாடிக்கையாளர் சேவை என எல்லா இடங்களிலும் இக்கருத்து மாறாமல் இருக்க வேண்டும். பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பவர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது. பிடிக்காத சோப்பை அடுத்த மாதமே மாற்றிவிடலாம். பல ஆண்டுக் கணக்குகள் ஏறிய மென்பொருளை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. எனவே வாங்குபவர் தயங்குவது இயல்பு.

வாங்குபவரின் மொழி

ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார் போன்ற பெரிய ஆலைகளுடன் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் உள்ளன. அத்தகைய பட்டறை உரிமையாளர் ஒருவரிடம் "மேகக் கணிமை சார்ந்த ஒருங்கிணைந்த தீர்வு" என்றால் எதுவும் விளங்காது. "பில் போட்டதும் சரக்கு இருப்பு தானாகக் குறையும், ஜிஎஸ்டி கணக்கும் அதிலேயே தயாராகும்" என்றால் உடனே புரியும். அதே மென்பொருளைப் பற்றிக் கணக்காளர் துல்லியத்தையும், கணினிப் பொறுப்பாளர் தரவுப் பாதுகாப்பையும் கேட்பார். மையக் கருத்து ஒன்றே. ஒவ்வொருவருக்கும் காட்டும் சான்றுதான் வேறு.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள்

1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2009இல் சோகோ கார்ப்பரேசன் ஆனது. அலுவலகப் பணிக்கான மென்பொருள்களை சோகோ என்ற பெயரிலும், கணினிப் பிரிவினருக்கானவற்றை மேனேஜ்என்ஜின் என்ற பெயரிலும் அது விற்கிறது. வாங்குபவர் வேறு என்பதால் பெயரும் பேச்சும் வேறாயின. வாடிக்கையாளர் தரவை விளம்பரத்துக்கு விற்பதில்லை என்பது அதன் முக்கியச் செய்திகளுள் ஒன்று.

2010இல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளாக அறிமுகமானது. பின்னர் விற்பனை முதலிய துறைகளுக்கும் மென்பொருள்கள் வந்ததால், பழைய பெயர் நிறுவனத்தின் ஒரு பகுதியை மட்டுமே குறித்தது. 2017இல் நிறுவனத்தின் பெயர் பிரெஷ்வொர்க்ஸ் என மாறியது. பிரெஷ்டெஸ்க் என்பது அந்த ஒரு மென்பொருளின் பெயராகத் தொடர்ந்தது.

சோதித்தறிதல்

எழுதிய செய்தியில் போட்டி நிறுவனத்தின் பெயரைப் பொருத்திப் பார்க்கலாம். அப்போதும் அது பொருந்தினால், அச்செய்தியில் தனித்தன்மை இல்லை. அதை வாடிக்கையாளர் ஒருவரைப் படிக்கச் செய்து, அவர் சொற்களில் திருப்பிச் சொல்லவும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிராண்டு செய்தி ஒரு வாக்குறுதி. "எந்நேரமும் உதவி" என்று எழுதிவிட்டு, மாதக் கடைசியில் பில் போட முடியாமல் தவிப்பவரின் அழைப்பை எடுக்காவிட்டால், அந்தச் செய்தியே நிறுவனத்துக்கு எதிரான சாட்சியாகிவிடும்.