எட்டு ஆண்டுக் கணக்கும் பதினெட்டு மாதக் கருவியும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டர் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்று பார்த்தாலே, அங்கே ஆயத்த மென்பொருள் ஏன் போதுவதில்லை என்பது விளங்கிவிடும். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பல வேலைகள் வெளியே ஜாப் ஒர்க்காக நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் டெலிவரி சலான் எழுதவேண்டும். போன எடைக்கும் வந்த எடைக்கும் கணக்கு நேராகவேண்டும். சாயத்தில் எவ்வளவு எடை குறையலாம் என்பதோ துணிக்குத் துணி மாறும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பவேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக வைத்து வரி கேட்கும். இதற்கெல்லாம் எக்செல் தாள்கள் ஈடுகொடுக்காமல் போகும்போது, தன் தொழிலுக்கென்றே இணையவழி மென்பொருள் ஒன்றை எழுதிக்கொள்ள நிறுவனம் முடிவெடுக்கிறது. எந்தக் கருவியில் எழுதுவது என்று கேட்டால், எழுதித்தர வருபவர்களில் ஒருவர் ரியாக்ட் என்கிறார், இன்னொருவர் லாராவெல் என்கிறார், மூன்றாமவர் டாட்நெட் என்கிறார். மென்பொருள் தெரியாத முதலாளி எதை வைத்து முடிவு செய்வார்?

பெரும்பாலும் பேச்சு வேகத்திலும் புதுமையிலும் விலையிலும் முடிந்துவிடுகிறது. முதலில் கேட்கவேண்டியது ஆயுள் என்பது என் வாதம். தொழில் மென்பொருள் ஒரே பொருள்போலத் தெரிந்தாலும் அதில் மூன்று அடுக்குகள் உண்டு: அடியில் பதிவுகள், நடுவில் தொழிலின் விதிகள், மேலே திரைகள். மூன்றும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குக் காத்துவைக்கவேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டுப் படிவத்தின் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். கருவிகளின் பக்கம் வந்தால், ஆங்குலரின் ஒரு முதன்மைப் பதிப்புக்கு ஆதரவு 18 மாதம். லாராவெல் தன் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவது இரண்டு ஆண்டு. ஜாங்கோவின் நீண்டகாலப் பதிப்புக்கு மூன்று ஆண்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு ஐந்து ஆண்டு. ஆக, இந்தக் கருவிகளில் எதன் பதிப்பும் கணக்கின் ஆயுளுக்குக் கூடவே வரப்போவதில்லை. நடுவழியில் மாற்றியே ஆகவேண்டும். அந்த மாற்றம் ஒரு வார வேலையாக முடியுமா, மொத்தத்தையும் மறுபடி எழுதும் வேலையாகுமா என்பதைத்தான் இன்றைய தேர்வு தீர்மானிக்கிறது.

கடந்த இருபது ஆண்டுகள் இதற்குச் சாட்சி. மைக்ரோசாஃப்ட் 2007-இல் கொண்டுவந்த சில்வர்லைட்டை நம்பி எத்தனையோ நிறுவனங்கள் உள்வேலைத் திரைகளைக் கட்டின. 2021 அக்டோபரில் அதற்கான ஆதரவு நின்றது. ஃப்ளாஷின் ஆதரவு 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்தது. 2016-இல் வந்த ஆங்குலர் 2 பெயரில்தான் அடுத்த பதிப்பு. பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது. 2021 கடைசியில் ஆங்குலர்ஜேஎஸ்ஸின் ஆதரவும் முடிந்தது. இவை எதுவும் மட்டமான கருவிகள் அல்ல, பின்னால் நின்றவர்களும் சிறியவர்கள் அல்ல. அடிப்பக்கம் வேறு விதமாக இருக்கிறது. எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது எஸ்.க்யூ.எல். மொழி. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அதன் அடிப்படை வாக்கிய அமைப்பு இன்றும் ஓடுகிறது. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுதான் இன்றைய போஸ்ட்கிரெஸ். பிரவுசரை ஒட்டி நிற்பவை சீக்கிரம் காலாவதியாகின்றன, பதிவுகளை ஒட்டி நிற்பவை நெடுங்காலம் தங்குகின்றன. அப்படியானால் தேர்வில் காட்டும் கவனத்தின் பெரும்பங்கும் டேட்டாபேஸுக்கே போகவேண்டும். நடைமுறையில் எல்லோரும் முதலில் பார்ப்பது திரையைத்தான்.

பதிவு ஒரு கருவிக்குள் சிறைப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. யூனிகோடு பரவும்முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டில் இயங்கியது. 1999-இல் டாம், டாப் என்று குறியீட்டுத் தரங்கள் வந்தும் பாமினி போன்ற எழுத்துருக்கள் தொடர்ந்து புழங்கின. தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-இல்தான். அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த கோப்பை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். எழுதியது கோப்பில் அப்படியே இருக்கிறது, படிக்கும் திறவுகோல் மட்டும் வெளியே போய்விட்டது. தொழில் மென்பொருளிலும் இதுவே நடக்கிறது. சலானின் விவரம் முழுவதையும் ஒரே கட்டத்தில் மொத்தமாகத் திணித்துவைத்து, அதைப் பிரித்துப் பொருள் சொல்லும் வேலையை நிரலிடம் விட்டால், நிரல் போகும் நாளில் பொருளும் போகும். எடைக்குத் தனிக் களம், அலகுக்குத் தனிக் களம், எந்த ஜாப் ஒர்க்கருக்குப் போனது என்பதற்கு அவர் பதிவோடு உறுதியான இணைப்பு, திரும்பிய தேதி அனுப்பிய தேதிக்கு முந்தையதாக இருக்கமுடியாது என்ற தடை. இவற்றை டேட்டாபேஸிலேயே எழுதிவைத்தால் மேலே எந்தக் கருவி வந்தாலும் போனாலும் பதிவு தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். இந்த ஒரு வேலையில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

நடு அடுக்கான விதிகளுக்கு வருவோம். மின்விலைப்பட்டியல் கட்டாயம் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதலுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. 1,000 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்றிருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18 என்று மாறியது. விகிதத்தைத் திரையின் நிரலுக்குள் எண்ணாகவே எழுதிவைத்த மென்பொருள், அன்று காலை புதிய பில்லைச் சரியாகப் போடவைக்கத் திருத்தப்பட்டால், ஆகஸ்ட் பில்லுக்கான கிரெடிட் நோட்டைத் தவறாகப் போடும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எந்த விகிதம் என்று தேதியோடு ஓர் அட்டவணை இருக்கவேண்டும். அட்டவணை அமைப்பை மாற்றினால் அந்த மாற்றத்துக்கும் வரலாறு இருக்கவேண்டும். யார் எதைத் திருத்தினார் என்ற தடமும் வேண்டும். நிறுவனங்களின் கணக்கு மென்பொருளுக்கு 2023 ஏப்ரல் முதல் அது சட்டக் கட்டாயம். ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் போன்றவற்றின் அருமை இங்கேதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் அலுவலகத்தில், அன்றன்றைய கெடுவுக்குள் வேலையை முடிக்கவேண்டிய நெருக்கடியில் உருவாகி 2005-இல் வெளிவந்தது ஜாங்கோ. ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற நடப்பு மென்பொருளிலிருந்து 2004-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அன்றாட வேலையிலிருந்து பிறந்தவை என்பதால் உள்நுழைவு, அனுமதி, படிவச் சோதனை, அட்டவணை மாற்றம் போன்றவை பெரும்பாலும் அவற்றில் சேர்ந்தே வருகின்றன. தொழில் மென்பொருளின் பெரும்பகுதி அந்த வேலைகள்தானே.

நாளை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்தால் இவை தாங்குமா என்று கேட்பார்கள். உலகமெங்கும் நிரலாளர்கள் மொய்த்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2016-இல் ஒன்பது வலைச் சர்வர்களில் ஓடியது, ஏ.எஸ்.பி. டாட்நெட்டும் எஸ்.க்யூ.எல். சர்வரும் வைத்து. அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு பொறியாளர் குழு, துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டிய கண்காணிப்பு மென்பொருளை ஒரே மென்பொருளாக மறுபடி சேர்த்தபோது செலவு 90 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் எழுதியது. இருநூறு பேர் புழங்கும் ஆலைக்கு அதைவிடச் சிக்கலான அமைப்பு எதற்கு?

திரையைப் பற்றிய ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளமுடியாது. கட்டிங் மேசையில் நிற்பவர் கைபேசியில் பார்கோடு அடிக்கிறார். இணையம் நின்றாலும் எண்ணிக்கை தொலையக்கூடாது, ஒவ்வொரு தட்டலுக்கும் பக்கம் புதிதாக ஏறிவரக்கூடாது. அந்தத் திரைக்கு ரியாக்டோ வியூவோ பொருத்தம்தான், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாதம் ஒருமுறை திறக்கும் அறிக்கைக்கும் அதே ஏற்பாடு தேவையில்லை. புதிய திரைக் கருவி தன்னோடு நூற்றுக்கணக்கான சிறு நிரல் பொதிகளை இழுத்துவரும். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரிப் பொதியை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டதும் பல திட்டங்கள் நின்றுபோயின. கருவி எத்தனை பேர் தயவில் நிற்கிறது என்பதும் ஒரு கணக்கு.

இன்று எழும் வலுவான ஆட்சேபம் செயற்கை நுண்ணறிவு சார்ந்தது. நிரலை எந்திரம் எழுதித்தரும் காலத்தில் பத்தாண்டு யோசிப்பானேன், வேண்டும்போது புதிதாக எழுதிக்கொள்ளலாமே என்கிறார்கள். எழுதும் செலவு குறைவது உண்மை. ஆனால் ஒரு மென்பொருளை மாற்றும்போது பணம் கரைவது தட்டச்சில் அல்ல. எட்டு ஆண்டுச் சலான்களும் புதியதற்குள் சரியாக வந்து சேர்ந்தனவா, பையருக்குப் பையர் மாறும் கழிவு விதிகள் எல்லாம் இடம்பெற்றனவா என்று ஆள் உட்கார்ந்து சரிபார்ப்பதில்தான். அந்த விதிகள் பாதி சூப்பர்வைசரின் நினைவில் இருக்கின்றன. பதிவு தெளிவாக இருந்தால் எந்திரமும் நன்றாக உதவும். குழம்பியிருந்தால் குழப்பத்தையே வேகமாகப் பெருக்கும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் திறந்தநிலை மென்பொருளை அடியாக வைத்து வேண்டியதை மட்டும் மேலே கட்டுவதும் நல்ல வழிதான். மும்பையில் பிறந்த ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் அப்படிப்பட்டது. அதையும் மேற்சொன்ன அளவுகோலிலேயே அளக்கலாம்.

அளப்பதற்கு மென்பொருள் படித்திருக்கவேண்டியதில்லை. முதல் மாத முடிவில், எழுதித்தருபவர்களிடம் மூன்று செயல்களைச் செய்துகாட்டச் சொல்லலாம். கடந்த ஆண்டுத் தேதியிட்ட ஒரு பில்லுக்கு இன்றைய தேதியில் கிரெடிட் நோட் போடட்டும். தமிழ்ப் பெயரும் முகவரியும் உள்ள ஒரு சலானை பி.டி.எஃப். ஆக அச்சிடட்டும். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாத நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தால் ‘கோவை’யின் கொம்பும் காலும் இடம்மாறி விழும், அப்போதே தெரிந்துவிடும். கடைசியாக, பேக்கப்பை எடுத்து, அந்த மென்பொருளை எழுதாத வேறொருவர் கையில் வெறும் கணினி ஒன்றைக் கொடுத்து, மாலைக்குள் அதில் எல்லாவற்றையும் ஓடவைக்கச் சொல்லவேண்டும். சோர்ஸ் கோடும் டொமைனும் சர்வர் கணக்கும் நிறுவனத்தின் பெயரில் இருந்தால்தான் அது முடியும். இரண்டாம் தவணைப் பணம் அந்த மாலைக்குப் பிறகு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.